எந்த பஸ்ல வந்த?

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது கேள்விப்பட்டு, "என் பேர எதுக்குப் போட்ட? யாரு போடச் சொன்னா? ஒனக்கு அதுல என்னா கெடைக்குது?" என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லி முடித்த பிறகு, "அப்ப முந்தாநாள் வேற மாதிரி சொன்னியே" என்பார். ஆகவே வீட்டுக்காரம்மா என்றே வைத்துக்கொள்வோம். மாத்தளையில் நான் மூன்று வருடம் போர்டிங்கில் இருந்த வீடு அவருடையது.

நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். டவுனில் ஒரு ஃபார்மசியில் வேலை கிடைத்ததும், தினமும் இறங்கி ஏற முடியாது என்று அப்பா இந்த வீட்டைப் பேசி வைத்தார். முதல் நாள் பையும் தலையணையுமாகப் போய் வாசலில் நின்றேன். வா என்றோ, உட்கார் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

"எந்த பஸ்ல வந்த?"

"ரத்தோட்ட பஸ்லதான் ஆன்ட்டி."

"அது தெரியும். எத்தன மணி பஸ்?"

சொன்னேன்.

"டிக்கட் எங்க?"

டிக்கட்டை யார் வைத்திருப்பார்கள்? நான் வந்த பிரைவேட் பஸ்ஸில் கொண்டக்டர் காசை வாங்கி விரலிடுக்கில் செருகிக்கொண்டு போனாரே தவிர டிக்கட் என்ற பேச்சே எழவில்லை. இல்லை என்றேன். அவர் ஹவுஸ்கோட் பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதை வாயருகே வைத்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கேட்டார்: "ரத்தோட்டயிலேருந்து மாத்தளைக்கு காலைல பஸ் எத்தன மணிக்கு?"

போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், ரேடியோவில் செய்தி வாசிப்பது போன்ற சுத்தமான தமிழில், பேருந்துகளின் நேரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. நான் சொன்ன நேரமும் அதில் இருந்தது. வீட்டுக்காரம்மா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, உள்ள வா" என்று வழிவிட்டார். அப்பாவின் சிபாரிசைவிட அந்தக் குரலின் சாட்சிதான் என்னை அந்த வீட்டுக்குள் சேர்த்தது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தோட்டத்திலிருந்து திரும்பும்போது கொண்டக்டரிடம் டிக்கட் கேட்டு வாங்கப் பழகிக்கொண்டேன். அவர்கள் சிரிப்பார்கள். "என்னா தங்கச்சி, வீட்ல கணக்குக் காட்டணுமா?" என்று ஒருவர் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அதற்குப் பிறகு அரசாங்கத்துச் சிவப்பு பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன். அதில் மெஷினில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்காரம்மா எதையும் சும்மா ஏற்றுக்கொண்டவர் அல்ல. பால் பக்கட்டை முகர்ந்து பார்ப்பார், அதில் அடித்திருக்கும் திகதியைப் பார்ப்பார், பிறகு கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் முன்னாலேயே அதை இரண்டு கையாலும் தூக்கி, "போன தடவ இத விட பாரமா இருந்திச்சே" என்பார். சாத்திரக்காரர் தெருவில் வந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் வயதைத் தவறாகச் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார். அவர் நல்ல காலம் பிறக்கிறது என்று தொடங்கியதும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

தெரிந்த விஷயத்தைக் கேட்பதுதான் அவருடைய பெரிய வித்தை. கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு தலை நனைய ஓடிவந்தவர், கட்டிலில் படுத்திருக்கும் என்னிடம், "வெளிய மழ பெய்யுதா புள்ள?" என்பார். சோம்பலில் இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அடுத்த ஒரு கிழமைக்கு நான் எதைச் சொன்னாலும், "மழ இல்லன்னவதானே நீ" என்று ஆரம்பிப்பார்.

"யோசிக்காம பதில் சொல்றவங்கள நம்ப ஏலாது" என்பார். அப்படியானால் யோசித்துச் சொல்பவர்களை நம்பலாமா என்று ஒருநாள் கேட்டேன். "அவங்கள அத விட நம்ப ஏலாது. யோசிச்சில்ல பொய் சொல்றாங்க" என்றார்.

போனில் பேசும்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். காதில் வைத்தால் மூளைக்குக் கெடுதல் என்பது வெளியில் சொல்லும் காரணம். உண்மையான காரணம் சாட்சி. யார் என்ன சொன்னாலும் கூட ஒரு ஆள் கேட்டிருக்க வேண்டும், நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கூட இருந்து கேட்கும் அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். அவருடைய தங்கச்சி குடும்பத்துச் சண்டை முழுவதும் எனக்கு அத்துப்படி.

இப்படிப்பட்டவர் அந்தப் போனுக்குள் இருந்த குரலை மட்டும் நம்பினார். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

போனை வாங்கிக் கொடுத்தவன் அவருடைய மகன். ஒரே பிள்ளை. தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறான். முதல் சம்பளத்தில் போனை வாங்கி, தமிழுக்கு மாற்றி, எந்தப் பொத்தானை அழுத்தினால் கேள்வி கேட்கலாம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். முதல் ஒரு வாரம் அம்மா அதை விசாரித்ததாகச் சொல்லிச் சிரிப்பான். "நீ எந்த ஊரு?", "ஒன்னய யாரு வச்சது?", "நான் சொல்றத யாருகிட்ட போயி சொல்லுவ?" என்றெல்லாம் கேட்டிருக்கிறார். பாதிக் கேள்விக்கு அந்தக் குரல், மன்னிக்கவும், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறது. அதில்தான் விழுந்துவிட்டார்.

"இத்தன வருசத்துல எனக்குத் தெரியலன்னு ஒத்துக்கிட்ட மொத ஆளு இதுதான்" என்றார் என்னிடம். "அதுக்கு என்னா, சொந்தமா பந்தமா? யாருக்காகப் பொய் சொல்லணும்?"

அதனிடம் அவர் சமையலைப் பற்றிக் கேட்டதில்லை. பாட்டுப் போடச் சொன்னதில்லை. பஸ் நேரம் மட்டும்தான் கேட்பார். இரத்தோட்டை பஸ், யட்டவத்தை பஸ், பல்லேபொல பஸ் எல்லாம் கேட்பார். தம்புள்ளை பஸ்ஸைக் காலையில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை கேட்பார். ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு பஸ்ஸிலும் ஏறி நான் பார்த்ததில்லை. கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போவார். எங்கும் போகாத ஒரு மனுஷி எதற்கு மாவட்டம் முழுவதற்கும் பஸ் நேரம் கேட்க வேண்டும்? எனக்குச் சந்தேகம் வந்தது. யாரையோ வேவு பார்க்கிறாரோ என்று நினைத்தேன். ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ ஓடிப்போகத் திட்டம் போடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். அந்த வீட்டில் இருந்தால் அந்த வியாதி நமக்கும் தொற்றிவிடும். ஃபார்மசியில் இருமல் மருந்து கேட்டு வருபவரைக்கூட, உண்மையிலேயே இருமல்தானா என்று உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

என் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்களுக்கெல்லாம் ராத்தா. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். நான் காலையில் வாங்கப் போனால் இடியப்ப உரலில் மாவைப் பிழிந்துகொண்டே பேசுவார். சொல்லு என்பதை அவர் செல்லு என்பார், புருஷனை மாப்புள என்பார். வீட்டுக்காரம்மாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் மதில் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

"அவட மாப்புளயும் தம்புள்ளயிலதான் வேல செஞ்சது" என்றார். "வெள்ளி, சனிக்கு வரோணும். வரமாட்டாரு. முன்னால இருந்த கடைக்கு கோல் எடுத்து, பஸ் இல்லன்டு செல்லுங்கன்டு செல்லுவாரு. ஒரு நாளா ரெண்டு நாளா, வருசக் கணக்கா. இவவும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தா."

ஒரு பொங்கலன்றும் அதே சேதி வந்தது. பஸ் இல்லையாம். வீட்டுக்காரம்மா பொங்கலை ஒரு தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளையாயிருந்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, நாமாவது போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று ரோட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். நின்றதும் ஒரு பஸ் வந்தது. அதில் பாதி சீட் காலி. மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே தம்புள்ளையிலிருந்து வரும் பஸ்களை எல்லாம் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டே போயிருக்கிறான். "அம்மா, இந்தா ஒண்ணு. அம்மா, இந்தா இன்னொண்ணு." தம்புள்ளையில் அவர் இருந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அங்கேயும் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயும் ஒரு பெண் இருந்தாள், ஒரு பிள்ளை இருந்தது. வீட்டுக்காரம்மா தூக்குச் சட்டியைத் திறக்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார்.

"பொறகு அந்த மனுசன் மௌத்தாப் போன சேதி வந்திச்சு, சாவு வீட்டுக்கு வரட்டாம்" என்றார் ராத்தா. "நான்தான் போய்ச் சென்னேன். அடுப்படியில இருந்தா. திரும்பிக்கூடப் பாக்கல்ல. பஸ் இல்லன்டு செல்லுங்க ராத்தான்டு மட்டும் சென்னா. அல்லாவே!"

அன்று இடியப்பத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது, வீட்டுக்காரம்மா வழக்கம்போல, "எவ்வளவு நேரம்? அங்க என்னா பேச்சு?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அதுவரை அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கின.

ஆனாலும் அந்தக் குரலை அவர் நம்பிய நம்பிக்கை, ஒருமுறை ஒரு அப்பாவிப் பெண்ணை அழவைத்தது. நஸீஹா என்று பெயர். ராத்தாவுக்குச் சொந்தம், புடவைக் கடையில் வேலை, என்னோடு ஒரே அறையில் இருந்தாள். பல்லேபொலவில் உம்மாவுக்குச் சுகமில்லை என்று வியாழன் போய்விட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தாள். வாசலிலேயே விசாரணை தொடங்கிவிட்டது. போன் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்திருக்கிறாள். அந்த ஒரு மணி நேரம் எங்கே?

"பஸ் அங்க நின்டிச்சு ஆன்ட்டி..."

"எதுக்கு நின்னிச்சு? பஞ்சரா? இதோ இது சொல்லுதே, ஒன் பஸ் எப்பவோ வந்திருக்கணும்னு. ஒங்க வாப்பாவுக்கு போன் போட்டுக் கேக்கவா?"

நஸீஹாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வாப்பா என்ற சொல்லுக்கே பயப்படுகிறவள். சத்தம் கேட்டு ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன புள்ள நீங்க! அது வெள்ளிக்கிழம ஜும்ஆக்கு நிக்கிற பஸ் தானே. ட்ரைவரும் கொண்டக்டரும் பள்ளியில தொழுதுட்டுத்தானே எடுப்பாங்க. ஆக்கள் எல்லாம் கடல வாங்கித் தின்டுக்கிட்டு உள்ளுக்கே இருப்பாங்க. நீங்களே அந்த பஸ்ல போயிருக்கீங்களே!"

போயிருக்கிறார்தான். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் மிளகு வாங்கப் போய், அதே பஸ்ஸில் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வழியில் பஸ் எப்போது வரும் என்று கேட்டால், தொழுகை முடிந்து வரும் என்று அந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நேர அட்டவணையில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாதது அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்காரம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் மரக்கறிச் சோறுதான், முட்டைகூட அடுப்படிக்குள் வரக்கூடாது. அன்று இரவு நஸீஹாவின் தட்டில் மட்டும் சோற்றுக்கு அடியில் ஒரு அவித்த முட்டை இருந்தது. ராத்தா வீட்டு அடுப்பில் அவித்து, மதிலுக்கு மேலால் வாங்கியிருக்கிறார். "சத்தம் போடாம தின்னு" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, எனக்கும்தான்.

அதற்குப் பிறகு டீசல், பெற்றோல் எண்ணெய் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற மாதங்கள் வந்தன. பஸ்கள் உண்மையிலேயே ஓடவில்லை. நான் சில நாட்கள் தோட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். போன் மட்டும் எதுவும் நடக்காதது போல, அடுத்த பேருந்து இத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா அதனிடம் பொறுமையாக, "இல்ல மகளே, எண்ண இல்ல. பஸ் ஓடல" என்று எடுத்துச் சொல்வார். அவர் அந்த வீட்டில் நிம்மதியாக இருந்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான். யாரையும் டிக்கட் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வந்தாலும் வந்ததே பெரிது என்று கதவைத் திறந்துவிட்டார். பஸ் இல்லை என்பது ஊருக்கே உண்மையாக இருந்தபோது அதில் அவருக்கு வலிக்க ஒன்றும் இல்லை.

மகன் ஒவ்வொரு போயாவுக்கும், பௌர்ணமி விடுமுறைக்கு, வீட்டுக்கு வருகிறவன். அந்த மாதங்களில் அவனால் வரமுடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு போயா தினத்தன்று காலையில் வாசலில் வந்து நின்றான். உடம்பெல்லாம் புழுதி, தலையில் முட்டைக்கோவா இலைத் துண்டுகள். மரக்கறி லொறியில் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து வந்திருக்கிறான்.

"எந்த பஸ்ல வந்த?" என்றார் வீட்டுக்காரம்மா, பழக்கத்தில்.

அவன் ஒரு பெரிய கோவாவை எடுத்து அவர் கையில் வைத்தான். "இந்தாங்கம்மா, டிக்கட்."

வீட்டுக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். கோவாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து சிரித்தார். அன்று பகல் முழுவதும் அந்தக் கோவாவைச் சமைக்காமல் மேசையிலேயே வைத்திருந்தார். நான் வெட்டட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார்.

அவன் போன பிறகு, கேட்காமலே என்னிடம் சொன்னார். "அவன் அப்பன மாதிரி ஆயிருவானோன்னு எனக்கு ஒரு பயம் புள்ள. அதே ஊரு, அதே சந்தை. ஆனா ஒண்ணு. எந்தச் சாக்குச் சொன்னாலும் பஸ் இல்லன்னு மட்டும் அவன் வாயில வராது. அன்னைக்கி ஜன்னல் பக்கம் இருந்து எல்லா பஸ்ஸையும் எண்ணுனவன் அவன்."

எண்ணெய் வந்தது, பஸ்களும் வந்தன. அவற்றோடு டிக்கட் கேட்பதும் திரும்பி வந்தது. மகனின் வருகைதான் மெல்லக் குறைந்தது. ஒரு போயாவுக்குச் சரக்கு நிறைய வந்துவிட்டது என்றான். அடுத்ததற்குக் காய்ச்சல். அதற்கடுத்ததற்கு முதலாளி லீவு தரவில்லை. எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவன் போனை வைத்ததும் வீட்டுக்காரம்மா என் முகத்தைப் பார்ப்பார். "காய்ச்சக்காரன் கொரல் இப்பிடியா இருக்கும்? நீ மருந்துக் கடையில இருக்கிறவதானே, சொல்லு" என்பார். எனக்கு என்ன தெரியும்? இருக்கலாம் ஆன்ட்டி என்பேன். அவர் போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பஸ்ஸுக்குத்தான் பதில் சொல்லும். காய்ச்சலுக்கெல்லாம் சொல்லாது" என்று வைத்துவிடுவார். பிறகு ஒரு பெருமூச்சோடு, "பரவால்ல. அத இன்னும் சொல்லல" என்பார். எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்டதில்லை.

மாசி மகத்துக்கு அம்மன் கோயில் தேர். தேருக்குக் கட்டாயம் வருவதாக மகன் சொல்லியிருந்தான். ஒரு கிழமைக்கு முன்பிருந்தே வீட்டைக் கழுவினார்கள். அவர்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கழுவியவள் நான்தான். அந்த நேரம் பார்த்து, தம்புள்ளையில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு, தேரன்று காலையில் திரும்பி வந்தேன். அன்று பஸ் இல்லை என்று சொன்னால் சின்னப்பிள்ளைகூடச் சிரிக்கும். தேருக்காக மேலதிக பஸ்களும் ஓடின. ஒன்று நிரம்பிப் போனதும் அடுத்தது வந்து நின்றது. நான் வந்த சிவப்பு பஸ்ஸில் பால்குடக்காரர்கள், குழந்தைகள், ஒரு காவடிகூட இருந்தது. தேர் வீதிக்குள் பஸ் போகாது என்று டவுனுக்கு வெளியே இறக்கிவிட்டார்கள். சனத்துக்குள் நுழைந்து, மேளச் சத்தத்துக்குள் நடந்து வந்தேன். விசாரணைக்காக டிக்கட்டைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்குள் கால் வைக்கும்போது, அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தது. "தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு அடுத்த பேருந்து இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படுகிறது" என்று சொல்லிவிட்டு, அதற்கடுத்தது எப்போது, அதற்கடுத்தது எப்போது என்று சொல்லிக்கொண்டே போனது. மேசையில் வாழையிலை போட்டிருந்தது. பயித்தங்காய், வட்டக்காய், பருப்பு, பாயாசம் எல்லாம் மூடி வைத்திருந்தார். நான் வந்ததை அவர் இன்னும் பார்க்கவில்லை. குரல் சொல்லி முடித்த கையோடு போன் அடித்தது. பழக்கத்தில் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அம்மா," என்றான் மகன்.

"எங்க ராசா, வந்திட்டியா? பஸ் நாவுல டவுன தாண்டிட்டா?"

அவனுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் வைக்கும் ஒலி கேட்டது. யாருடைய பாத்திரம், எந்த வீட்டு ஒலி என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டுக் கடையாகவும் இருக்கலாம்.

"இல்லம்மா... பஸ் இல்லம்மா."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவன் மறந்துவிட்டானா, அவசரத்தில் வாயில் வந்ததா, இல்லை தெரிந்தே சொன்னானா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தப் போனை வாங்கிக் கொடுத்ததே அவன். அம்மா அதனிடம் என்ன கேட்பார் என்று அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்?

வீட்டுக்காரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். இத்தனை வருடம் ஊரையே கூண்டில் ஏற்றிக் கேட்டவர். சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது, இப்போதுதான் நேரம் நேரமாக வாசித்து முடித்தது.

"ஆமா ராசா," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இல்லையாம். நானும் இப்பத்தான் கேட்டேன். நீ அலைய வேணாம். சாப்புட்டியா?"

அவன் சாப்பிட்டேன் என்றான். சரி என்று வைத்துவிட்டார். திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"இது சும்மா சொல்லுது புள்ள," என்றார் போனைக் காட்டி. "மெஷின்தானே. அதுக்கு என்னா தெரியும்? வழியில எங்கயாச்சும் ஜும்ஆக்கு நிப்பாட்டியிருப்பான்."

அன்று செவ்வாய்க்கிழமை.

எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் என் பையைப் பார்த்தார், புழுதி படிந்த காலைப் பார்த்தார், மூடியிருந்த கையைப் பார்த்தார். நான் தம்புள்ளைக்குப் போனது அவருக்குத் தெரியும்.

"நீ..." என்று நிறுத்தி, பிறகு கேட்டார். "நீ எந்த பஸ்ல வந்த?"

டிக்கட் உள்ளங்கையில் கசங்கியது.

"பஸ் எங்க ஆன்ட்டி இருக்கு?" என்றேன். "ஒண்ணுமே இல்ல. ரோட்டுல நின்னு நின்னு பாத்திட்டு, ஓட்டோவுலதான் வந்தேன்."

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு அவ்வளவு தூரமும் ஓட்டோவில் வந்தேன் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைகூட நம்பாது. மழை பெய்கிறதா என்று கேட்டே ஆளைப் பிடித்துவிடுகிறவர் அவர். எந்த ஓட்டோ, யாருடைய ஓட்டோ, எங்கே இறக்கினான் என்று ஒரு கேள்வியும் வரவில்லை. டிக்கட்டும் கேட்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"பாத்தியா?" என்றார், மேசையிலிருந்த போனைப் பார்த்து.